புனிதவதி அக்காவின் சம்பளப்படி

18.01.2025, சனி
சுவிஸ் ஆராவ் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகசபையுடன் மூன்றாவது பேச்சு. ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நானும் சிறீதரன் அண்ணையும் போனோம். மணித்தியாலத்துக்கு எல்லோருக்கும் இருபது பிராங்க். நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே, இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கும் புனிதவதி அக்காவுக்கும் அதே. அனுபவத்துக்கேற்ற சம்பளப்படி கேட்கிறோம், அவ்வளவுதான். தலைவர் உருத்திரமூர்த்தி அண்ணை ஒரு மணித்தியாலம் தமிழின் பெருமை கதைத்தார். கடைசியில், "தங்கச்சி, இது சேவை. சேவைக்கு விலை பேசலாமோ?"

மண்டப வாடகையையும் சேவை என்று சொல்லிக் கட்டாமல் விடுவாரா? கேட்டிருக்க வேண்டும்.

25.01
பதில் இல்லை.

01.02
பதில் வந்தது. ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை. பொன்னாடை!

15.02
இன்று அட்டவணை தந்தார்கள். சுவிஸ் ஆசிரியர் டிப்ளோம் உள்ளவர்களுக்கு முப்பது. மற்றவர்களுக்கு அதே இருபது. டிப்ளோம் உள்ளவர்கள் ஐந்து பேர், நான் உட்பட. நான் இந்தப் பள்ளிக்கு வந்து நாலு வருடம். கிழமை முழுக்க ஷ்லீரன் நகரில் துப்புரவு வேலை செய்துவிட்டுச் சனிக்கிழமை ரயில் ஏறி வரும் அக்காவுக்கு ஒன்றுமில்லை. என்ரை வாயை அடைக்கத்தானே இது?

01.03
வருடத்தைக் கணக்கில் எடுங்கள் என்றேன். உருத்திரமூர்த்தி அண்ணை பேனையை மூடினார். "மொத்தக் காசைக் கூட்டேலாது. பழைய ஆக்களுக்குக் கூட்டினால் ஆருக்குக் குறைக்கிறது? நீரே சொல்லும்."

"டிப்ளோம் படியை எடுத்துவிடுங்கோ."

சிறீதரன் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். சங்கம் செய்கிற வேலையா இது? தலைவர் கேட்ட கேள்வியே பிழை. நான் மறுமொழி சொல்லிப்போட்டன். விசரி.

08.03
டிப்ளோம் படியை விட்டு வருடப் படி கேட்பதா என்று சங்கத்தில் வாக்கெடுப்பு. டிப்ளோம் உள்ள ஹரிஷா அழுதுகொண்டே கத்தினாள்: "உங்கட காசை விடுங்கோ. என்ரை காசை விட நீங்கள் ஆர்?"

அவளில் பிழையில்லை. பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. வென்றோமாம்.

26.04
புதிய ஒப்பந்தம் கையில். பதினைந்து வருடத்துக்கு மேல் இருபத்தைந்து பிராங்க். எனக்கு அதே இருபது. புனிதவதி அக்கா தன்னுடையதையும் என்னுடையதையும் வாசித்துவிட்டு, "உமக்கேன் பிள்ளை கூடேல்லை?" என்றார்.

"எனக்கு நாலு வருசம்தானே, அக்கா."

ஹரிஷா விலகிவிட்டாள். அவளின் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் என் வகுப்பில் விட்டார்கள். நிர்வாகசபைக்கு ஓர் ஆளின் சம்பளம் மிச்சம். கதிரை போதவில்லை, ஒரே சத்தம். புதிய ஆளைப் போடச் சொல்லி இன்னொரு கடிதம் எழுத வேண்டும் — இன்னும் எத்தனை?

இடைவேளை முடிய அக்கா கதவைத் திறந்தார். ஆறு பிள்ளைகளைத் தன் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.