வெட்டியெடுத்த பதினோரு விநாடி

இன்று காலை, மலையிலிருந்து இறங்கிய வண்டியின் நடத்துநர் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா கொடுத்தனுப்பிய பூண்டு. ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் அறை முழுக்கப் புகை வாசம். பக்கத்து மேசை அக்கா பதறி எழுந்து, "ஏதோ கருகுது, ஒயரு எரியுதா பாரு" என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்தார். புகை போட்ட மலைப்பூண்டு இப்படித்தான் வீசும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாக இருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பாய். எங்கள் ஊருக்கு வந்து திரும்பிய பிறகு, மூன்று முறை தலைக்குக் குளித்தும் வாசம் போகவில்லை என்று என்னைத் திட்டியவள் நீ.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி நான் எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. நம் வகுப்பில் மற்ற எல்லோரும் எழுதினார்கள். அன்று வாட்ஸ்அப்பைத் திறந்தால் வரிசையாக உன் படங்கள். என் உயிர்த்தோழி என்று ஒருத்தி, என்னிடம்தான் எல்லாம் சொல்வாள் என்று இன்னொருத்தி. முதல் ஆண்டு முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தவள்கூட இதயம் உடைந்த பொம்மை போட்டிருந்தாள். படிக்கப் படிக்க எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ இருந்தபோது உன்மேல் பொறாமைப்பட்டேன். நீ போன பிறகு, நீ தங்களுடையவள் என்று சொல்கிறவர்கள்மேல் பொறாமைப்படுகிறேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

கொடைக்கானல் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். நீ அடிவாரத்துக் கன்னிவாடி, நான் மலை உச்சியில் கிளாவரை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில்கூடச் சொல்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் சேர்த்து நீயே "பிரசண்ட் மிஸ்" என்று கத்துவாய். மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே டிக் போடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். உன் சத்தத்தில்தான் நான் வகுப்பில் இருந்தேன்.

மூன்றாம் ஆண்டில் வீடியோ பாடத்துக்கு அந்த வேலை வந்தது. எடுக்கவே போகாத ஒரு பேய்ப்படத்துக்கு ஒரு நிமிட டீசர். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். முதலில் இருபது டிரெய்லர்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொன்னார் மிஸ். ஹாஸ்டலில் ஃபோன் கையில் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், துணி காயப்போடும் மாடியில், நல்ல வெயிலில் உட்கார்ந்து பேய்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை, அது என் பங்கு. ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை விநாடி என்று எண்ணி நோட்டில் எழுதுவேன். பிறகு நீ கண்ணை மூடிக்கொள்வாய், சத்தத்தை மட்டும் கேட்பாய்.

எண்ணியதில் ஒன்று பிடிபட்டது. முதலில் வரும் ஷாட்கள் நான்கு, ஐந்து விநாடி நிற்கும். போகப் போகக் குறுகும். கடைசியில் கண் சிமிட்டுவதற்குள் மாறும். பிறகு இருட்டு, படத்தின் பெயர். அவ்வளவுதான் முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது, பெயருக்குப் பிறகு ஒரே ஒரு ஷாட். அங்கேதான் பேயின் முகம்.

உனக்குப் பிடிபட்டது வேறு. "சத்தம் போடுற எடத்துல பயம் இல்லடி. சத்தம் நிக்கிது பாரு, அங்கதான் இருக்கு" என்றாய்.

வகுப்பில் நீ எழுந்து இரண்டையும் சொன்னாய். நான் எண்ணியதையும், நீ கேட்டதையும். "எண்ணுனது இவதான் மிஸ்" என்று என் பக்கம் கையும் காட்டினாய். மிஸ் உன்னைப் பார்த்தே, "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். உன் தவறு அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. நீ திருடியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

படம் எடுக்க எங்கள் ஊரில் பூண்டுக்குப் புகை போடும் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தது நீ. பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, உத்தரத்தில் நெருக்கமாகத் தொங்கவிட்டு, தரையில் ஈர விறகை வைத்து மூட்டம் போடுவோம் என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாய். திட்டத்தை நான் எழுதினேன். முதல் வரியிலேயே, மேகம் விலகி வெயில் வந்த பிறகு எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நீ படித்துவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாய்.

"ஏ புள்ள, பேய்ப்படம் எடுக்கிறவன் எல்லாம் மேகத்தத் தேடி நம்ம மலைக்கு வர்றான். நீ என்னடான்னா வெயிலுக்குக் காத்துக் கெடக்கச் சொல்ற!"

எனக்கு மேகம் என்றால் துணி காயாத நாள், பஸ் வராத நாள். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் ஊரைப் பார்க்கவும் உன் கண்தான் வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்த அன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. என் அம்மா அதிகம் பேசாதவர். என்னிடமே சாப்பிட்டியா, தூங்கு என்ற இரண்டோடு முடித்துக்கொள்வார். நீ போய் அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாய்.

"அம்மா, இந்த ஊருப் பேயி எப்பிடிம்மா இருக்கும்?"

"பேயா? வெள்ளனே எந்திரிச்சுக் காட்டுக்குப் போற சோலியில பேயப் பாக்க எங்கத்தா நேரம்?"

"சரி, இருந்தா என்ன சீலை கட்டியிருக்கும்? வெள்ளச் சீலையா?"

"வெள்ளச் சீலையோட இந்தக் குளிருல நின்னா அதுவே செத்துப்போகும். சொட்டரு போட்டிருக்கும்."

நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியது. அம்மா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, மெரூன் நிறத்து ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துவந்து உனக்குப் போட்டுப் பார்த்தார். கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது அது. நான் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. பொத்தான்களைத் தன் கையால் போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து அம்மா சொன்னார்: "நீயும் இவ மாதிரி வாயத் தொறந்து பேசுனா என்னடி?"

எத்தனையோ பேர் என்னிடம் சொன்னதுதான். அம்மா அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் மதியம் மேகம் இறங்கியது. கொட்டகைக்குள் மூட்டம் போட்டோம். ஃபோனைப் பிடித்து நின்றது நான். பூண்டுக் கட்டுகளுக்குக் கீழே ஸ்வெட்டரும் சேலையுமாக, முதுகைக் காட்டி நீ நின்றாய். சொன்னபடி மெல்லத் திரும்பினாய். முகத்தில் எதுவுமே செய்யவில்லை. புகையில் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு, யாரையோ வெகுநாள் கழித்துப் பார்ப்பதுபோல், மெல்லச் சிரிக்க ஆரம்பித்தாய். பதினோரு விநாடி. நாம் பார்த்த இருபதிலும் அப்படி ஒரு முகம் இல்லை. பெயருக்குப் பிறகு வரவேண்டிய ஷாட் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். வெளியே வந்ததும் நீ உன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "கடைசில நான் வருவேம்மா, பாரு, நீயே பயந்துருவ" என்று கத்தினாய். கிளாவரையில் சிக்னலுக்குக் கத்தித்தான் ஆக வேண்டும்.

வெட்டுகிற வேலை என்னுடையது. கல்லூரிக் கணினியில் மூன்று நாள் மதியம் உட்கார்ந்தேன். அந்த ஷாட்டைக் கடைசியில் வைத்தேன். அது வந்ததும் மற்ற நாற்பத்தெட்டு விநாடியும் காணாமல் போனது. என் எண்ணிக்கை, என் வெட்டுகள், எதுவும் யார் கண்ணிலும் படாது. நீ மட்டும்தான் தெரிவாய். எடுத்துவிட்டேன். பெயரோடு முடித்தேன்.

உன்னிடம் நோட்டைக் காட்டிச் சொன்னேன். "நாம பாத்த இருபதுல மூணுலதான்டி கடைசியா மொகத்தக் காட்டுறான். காட்டாம விடுறதுதான் நல்லது."

பதிமூன்றில் காட்டியிருந்தார்கள். பதிமூன்று என்றுதான் எழுதியிருந்தேன். அதில் முன்னால் இருந்த 1-ஐ அழித்திருந்தேன்.

நீ நோட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றாய். நீயும் என்னோடு அதே இருபதையும் பார்த்தவள்தான். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. நீ நம்பிவிட்டாய் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

போட்டுக் காட்டியபோது மிஸ் எழுந்து நின்று கைதட்டினார். "முகத்தைக் காட்டாம விட்டீங்க பாருங்க, அதுதான் இதோட பலம். யார் எடிட் பண்ணது?" என்றார். மூன்று வருடத்தில் முதல்முறையாக வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரையும்விட அதிகச் சத்தமாகக் கைதட்டியது நீ. விசிலும் அடித்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்தார்கள். அன்றே ஃபோனில் இருந்த அந்த ஷாட்டை அழித்தேன். இடம் இல்லாமல் அழிக்கவில்லை. என்றைக்காவது நீ கேட்டு, வேறு யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் அழித்தேன். அந்த டீசரைப் பார்த்துத்தான் இந்த ஸ்டுடியோவில் எனக்கு வேலை தந்தார்கள். நீ கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனாய். ஆறாம் மாதம் காய்ச்சல் என்று ஊருக்கு வந்தாய். வந்தவள் திரும்பவில்லை.

சாவுக்கு வந்த கூட்டத்தில் நான் பின்னால் நின்றுவிட்டுப் போய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் கன்னிவாடிக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தையல் மெஷினில் இருந்தார். என் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "கிளாவரைப் புள்ளதான? வா தாயி" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் எல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்த தன் ஃபோனை எடுத்து, நம் டீசரைத் திறந்தார்.

"இத எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியல. கடைசில நான் வருவேன்னு சொன்னாளே தாயி. முதுகு வருது, காலு வருது, கையி வருது. மொகத்தக் காணோம். வெரசாப் போயிருதா? எனக்குத்தான் கண்ணுக்குப் படலயா? கொஞ்சம் நிப்பாட்டிக் காட்டேன்."

படங்கள் அவரிடம் நிறைய இருக்கின்றன. சித்தி மகள் கல்யாணத்தில் நீ ஆடிய வீடியோகூட இருக்கிறது. அவர் தேடியது அதையல்ல. நீ பார் என்று சொன்ன ஒன்றைத்தான். ஃபோனைக் கையில் வாங்கினேன். நிறுத்துவதுபோல் ஒருமுறை நிறுத்தினேன். இருட்டு மட்டும் நின்றது.

"அதுல இல்லீங்கம்மா. நான்தான் வெட்டிட்டேன்."

"ஏன் தாயி, நல்லா வரலயா?"

"ரொம்ப நல்லா வந்துச்சும்மா. அதான்."

அவருக்குப் புரிந்தது. மெஷினில் மாட்டியிருந்த ரவிக்கைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கிளம்பிவிடலாம்.

"இப்ப அது இருக்கா?"

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

ஊசியிலிருந்த நூலை அறுத்துவிட்டுச் சொன்னார்: "நீ பாத்தீல்ல? அவ எப்பிடி இருந்தான்னு சொல்லு."

சொன்னேன். மூன்று வருடம் வகுப்பில் வாய் திறக்காதவள் அன்று ஒரு விநாடிகூட விடாமல் சொன்னேன். ஸ்வெட்டரில் மேல் பொத்தான் திறந்திருந்ததை, திரும்பும்போது ஒரு பூண்டுத்தாள் உன் உச்சந்தலையில் உரசியதை, முதலில் இடது கண்தான் நிறைந்ததை, சிரிப்பு உதட்டின் எந்த ஓரத்தில் தொடங்கியது என்பதை. உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றார்.

"அம்புட்டுதாம்மா" என்றேன்.

அவ்வளவுதான் இல்லை. சிரித்து முடித்த பிறகும் நான் பதிவை நிறுத்தவில்லை. பன்னிரண்டாவது விநாடியில் நீ கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டாய். ஃபோனுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தாய். முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, பேயெல்லாம் போய் வெறும் நீயாகி, வகுப்பில் நீ எப்போதும் பேசுகிற அந்தச் சத்தத்தில் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏ புள்ள, பயந்துட்டியா?" என்று கேட்டாய். இல்லை என்று பொய் சொன்னேன்.

அதை உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. பெற்றவர் கையேந்திக் கேட்டும் கொடுக்க மனம் வரவில்லை. உன்னுடைய எல்லாமே எல்லோரிடமும் இருக்கிறது. அது நீ என்னைப் பார்த்தது. என்னிடமே இருக்கட்டும்.