பன்னிரண்டு குழிக்கரண்டிகள்

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் மானம் மட்டும் கொஞ்சம் நோயில் கிடந்து எழுந்திருக்கிறது. அந்த நோர்வே குளிரில் நீயும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நம் தோட்டத்து லயத்துக்குக் கரண்ட் தரும் ஓடைச் சக்கரத்தில் தண்ணீரை ஏந்தும் பதினாறு கோப்பைகளில் ஆறு வெடித்துவிட்டன. புதிதாக வார்க்க ஒரு மாதமாகும் என்று ஓப்பநாயக்கப் பட்டறை பாஸ் சொல்லிவிட்டார். தண்ணீர் வந்து அடித்தால் போதாதா, அதற்குக் குழி எதற்கு என்று நான் தார்ப் பீப்பாத் தகரத்தை வெட்டித் தட்டையாகப் பூட்டினேன். பல்பெல்லாம் மஞ்சள் காமாலை பிடித்ததுபோல் ஆகிவிட்டது, கபூர் நானா கடை பிரிஜ் முனகியது. லயத்துக் கரண்ட் கமிட்டி கூடியது. ஞாயிறு அந்தோனியார் திருவிழாவுக்குள் சரிசெய்யாவிட்டால், பதினொரு வருஷமாக என் இடுப்பில் இருக்கும் பவர்ஹவுஸ் சாவியைச் செல்லத்துரையிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவனுக்கு டோர்ச்சில் பெட்டரி போடவே தெரியாது. எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அப்போதுதான் போன லீவில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. தட்டையில் அடிக்கும் தண்ணீர் பக்கவாட்டில் சிதறி, பாதி வலுவைத் தன்னோடேயே கொண்டுபோய்விடும், குழியில் விழுந்தால் வளைந்து திரும்பும், திரும்பும்போதும் ஒரு தள்ளுத் தள்ளும், எல்லாத்தையும் குடுத்துட்டுத் தண்ணி சோர்ந்து கீழ விழணும்பா, அதுதான் நல்ல சக்கரம் என்றாய். உடனே கோயில் சமையல்கட்டில் திருவிழா விருந்துக்கு வைத்திருந்த பன்னிரண்டு குழிக்கரண்டிகளை எடுத்துக் காம்பை வெட்டி, இரண்டிரண்டாக வெல்ட் பண்ணிப் பூட்டினேன். ஞாயிறு மாலை கோயில் பகல்போல் எரிந்தது. பாதர் ஜெபம் சொல்லி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் பருப்பு ஊற்றக் கரண்டி இல்லை. அந்த வெளிச்சத்தில் என் முகத்தை ஊரே நன்றாகப் பார்த்தது. தேத்தண்ணிக் கோப்பையால் பரிமாறினோம். கபூர் நானா சிரித்துச் சிரித்து, பவர்ஹவுஸ் சாவி ரெஜினோல்ட்டுகிட்டயே இருக்கட்டும், சமையல்கட்டுச் சாவிய மட்டும் அந்த மனுசன்ட்ட குடுத்துறாதீங்க என்றார்.

பிறகு சக்கரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னபடியே தண்ணீர் சோர்ந்து விழுந்தது. உன்னைப் பிளேன் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று நானும் அப்படித்தான் பஸ்ஸில் சாய்ந்து கிடந்தேன், மகளே. சந்தோஷமாகத்தான் கிடந்தேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை, அந்தப் பன்னிரண்டில் நாலு கரண்டி அவள் விருந்துக்கு இரவல் கொடுத்தது. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. டிசம்பரில் வரும்போது மறக்காமல் கரண்டி கொண்டு வா, பன்னிரண்டு. அந்தோனியார் உன் கூடவே இருப்பார், கரண்டி எடுத்தவன் வீடு என்று அவருக்கும் இப்போது நம் வீட்டைத் தெரியும்.

உன் அப்பா,
ரெஜினோல்ட்
(சாவி இடுப்பில்தான் இருக்கிறது)