காடிஸில் தொலைந்த உங்கள் தம்பி

என் அன்பு மச்சாள்,

உங்கள் தம்பி நல்ல சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மிச்சத்தைப் படபடப்பில்லாமல் கேட்பீர்கள்.

நீங்கள் இறப்பதற்கு மூன்று மாதம் முந்தி பீலெஃபெல்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தீர்கள். "தம்பி கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறான். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டு, சாந்தி" என்றீர்கள். "அவருக்கு ஒண்டுமில்லை. நீங்கள் உங்கட உடம்பைப் பாருங்கோ" என்று போனை வைத்துவிட்டேன். நோயில் கிடக்கிற வருத்தக்காரியிடம் பேசுகிற பேச்சா அது? பிறகு நீங்களும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினுக்குப் போனோம். எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் துர்க்கா ரிக்கெற் போட்டுத் தந்தாள். காடிஸ் என்ற பழைய துறைமுக நகரம். நீங்கள் நீலச் சட்டை போட்டு ஓவிய நூதனசாலையில் காவலுக்கு நின்ற காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைக் கூப்பிட்டுப் படங்கள் காட்டுவீர்களே, அந்தப் பைத்தியம் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் தேவாலயம், ரோமர் கட்டிய அரங்கு என்று கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் செருப்புக் கடித்து என் குதிக்கால் உரிந்துவிட்டது. மரங்கள் நின்ற ஒரு சதுக்கத்தில் அவரை மர வாங்கு ஒன்றில் இருத்தி, "அசையாதேங்கோ, பிளாஸ்டர் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். "ஓம், போட்டு வா" என்றார். ஐந்து நிமிடம்கூட இராது. திரும்பி வந்தால் ஆளில்லை. அவருடைய போன் என் கைப்பைக்குள்.

ஓடினேன், மச்சாள். அந்த ஊரில் எந்தத் தெருவால் ஓடினாலும் கடலில்தான் போய் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் மதிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்த்தேன். கடைசியில் துர்க்காவுக்குப் போன் எடுத்தேன். ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அப்போதுதான் வாயில் வந்தது.

"பிள்ளை, அப்பாக்கு ஞாபகம் பிசகுது. கன நாளா."

அவள் உங்கள் பேரைத்தான் எடுத்தாள். "தெரியும் அம்மா. மாமி எனக்குச் சொன்னவா. அம்மா தானாச் சொல்லுமட்டும் கேக்காதை, அவள் தாங்கமாட்டாள் எண்டவா. அழாதேங்கோ. கிட்ட படங்கள் வைச்சிருக்கிற இடம் ஏதும் இருக்கோ?"

இருந்தது. அதே சதுக்கத்தின் ஒரு பக்கத்தில், நான் திரும்பியே பாராத நூதனசாலை.

உள்ளே, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு கல்லுச் சவப்பேழைகள். ஒன்றின் மூடியில் ஆணும் மற்றதில் பெண்ணும் படுத்திருப்பதுபோலச் செதுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் காவல்காரியின் கதிரையில் உங்கள் தம்பி. அந்தக் காவல்காரியின் பெற்றோர் ஒருகாலம் ஜெர்மனியில் தொழிற்சாலை வேலை செய்தவர்களாம். "பயப்படாதீர்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறார்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். நீலச் சட்டையோடு வாசலில் நின்ற அவளைக் கண்டுதான் இவர் பின்னால் போயிருக்கிறார்.

"ஏன் இப்பிடி ஓடி வாறாய்?" என்றார் என்னிடம். "அக்கா வேலை முடிஞ்சு வரட்டும். மூண்டு பேருமாப் போவம்."

பக்கத்தில் நிலத்திலேயே இருந்து அழுதேன். பயம் எல்லாம் போய் வந்த அழுகை. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேல்மாடிப் படங்களைப் பார்த்தேன். வெள்ளை அங்கி போட்ட ஒரு துறவியின் படத்துக்கு முன்னால் நின்று, "வெள்ளைத் துணிக்குள்ள எத்தினை நிறம் வைச்சிருக்கிறான், பார்" என்றார். அந்தக் கண் அப்படியே இருக்கிறது, மச்சாள்.

எங்கள் ஊர் எசனுக்குத் திரும்பி வந்த கையோடு, துர்க்கா டொக்டரைப் பார்க்க நாள் கேட்டு டெர்மின் எடுத்தாள். மறதி நோயின் தொடக்கமாம். மாறாது, ஆனால் மெதுவாகத்தான் கூடுமாம். குளிசை தந்திருக்கிறார்கள். நான் பயந்த சொல்லையே டொக்டர் சொன்னார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து விடியுமட்டும் நித்திரை கொண்டேன். ஒளிக்க ஒன்றுமில்லாத ஆளுக்கு இவ்வளவு நித்திரை வருமா?

சில நேரம் "அக்கா எங்க?" என்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லி அழவைக்கவேண்டுமா? நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்றை இன்று உங்களிடம் சொல்லவேண்டும். உங்கள் செத்தவீட்டிலிருந்து நாங்கள் பாதியில் எழும்பிப் போனது உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் மனத்தாங்கல். அன்று இவர் என் காதுக்குள், "ஆரின்ர செத்தவீடு இது?" என்று கேட்டார். மற்றவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, நடந்ததை நானே என் வாயால் சொல்வேன். இது சத்தியம்.

தானாகச் சொல்லுமட்டும் நீங்கள் கோபிக்காமல் காத்திருந்த,
உங்கள் தம்பி பெண்சாதி,
சாந்தி