அப்புத்தளையில் பத்து நிமிஷம்

12 ஏப்ரல், ஞாயிறு. லோத்குண்டா.

கோடை விடுமுறைக்கு எல்லோரும் இலங்கை போவதாக மகன் திட்டத்தைப் படித்துக் காட்டினான். கண்டி, எல்ல, காலி, பெந்தோட்டை. அப்புத்தளை இல்லை. நான் பிறந்த தேயிலைத் தோட்டம் அங்கேதான். அந்த ஸ்டேஷன் பலகையைப் பார்த்துத்தான் எழுத்துப் படித்தேன். பன்னிரண்டு வயதில் எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியபோது, அம்மா அங்கே மண்ணுக்குள் இருந்தாள். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"பாக்க வேண்டிய ஊர் லிஸ்ட்லயே அது இல்லப்பா."

"ஆ ஊள்ளோ பீச் உந்தா, தாத்தா?" என்று தெலுங்கில் கேட்டாள் பேத்தி. மலைமேல் ஏது கடற்கரை?

"சரிப்பா, எல்ல போற வழியில வண்டிய நிறுத்தச் சொல்றேன். பத்து நிமிஷம். போதுமா?"

"உங்கம்மாவுக்கும் பத்து நிமிஷந்தான் குடுப்பியாடா? நான் வரல. என் டிக்கெட்ட கேன்சல் பண்ணு."

கெஞ்சுவான் என்று நினைத்தேன். அங்கேயே போனை எடுத்து ரத்து செய்துவிட்டான்.

மருமகள்தான் பின்னால் வந்தாள். "இடத்தையாவது சொல்லுங்க மாமா, பூ வெச்சுட்டு வர்றோம்."

"தேடிக்கோங்க" என்றேன்.

மனம் கேட்காமல் இப்போது அவளுக்காக வழியை வரைய உட்கார்ந்தேன். ஸ்டேஷன், கோயில், தேயிலை ஆலை, நாங்கள் இருந்த லயம், அந்த வரிசை வீடுகள். லயத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். அம்மா இருப்பது மேட்டுப் பக்கமா, ஓடைப் பக்கமா? ஐம்பது வருடமாகத் தெரியும் என்றுதான் இருந்தேன். இதை அவர்களிடம் சொல்லப் போவதில்லை.

அடையாளத்துக்கு அப்பா ஒரு தேயிலைச் செடி நட்டார். அந்த மலை முழுக்கத் தேயிலைச் செடிதான்.