பாக்கெட்டில் இல்லாத சாவி

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் சுகமில்லை, இருக்கிறோம். போனில் பேசினால் நீ கத்துகிறாய், அம்மா அழுகிறாள். அதனால் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

அப்பாவின் காரியம் முடிந்து நீ வேலைக்குத் திரும்பிப் போனதும், அவர் கம்பெனி மானேஜர் இரண்டு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "குடிச்சிட்டு மெஷினுக்குள்ள இறங்கினாரு. கம்பெனி மேல தப்பில்ல. இருந்தாலும் பாவம்னு ஏதோ தர்றோம். கையெழுத்து போடும்மா" என்றார். நம் அப்பா! இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவர்.

அம்மா பேனாவை வாங்கினாள். போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அதை மானேஜரின் புறங்கையில் குத்தி இறக்கினாள், அண்ணா. மையும் ரத்தமும் கலந்தால் என்ன நிறம் வரும் என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை, இப்போது தெரியும். ஒருவன் அம்மாவின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் அவன் முழங்கையைக் கடித்தேன். பக்கத்து வீட்டு டைலர் அக்கா துணி வெட்டும் கத்தரியோடு ஓடி வந்து, "எவன்டா அவன், கிட்ட வா, அளவெடுக்கிறேன்" என்று கத்திய பிறகுதான் போனார்கள். அம்மாவின் நெற்றியில் தையல் போட்டிருக்கிறது.

வழக்குப் போடுகிறோம். பேசும்போதே பென்சில் சீவிக்கொண்டிருக்கும் ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார். நடந்ததை விசாரித்து எழுதித் தரச் சொன்னார். எழுதியதை உனக்கும் சொல்கிறேன்.

அப்பாவின் மெஷின் பழைய காகிதத்தை நசுக்கிக் கட்டாக்குவது. உள்ளே ஏதாவது சிக்கினால் ஒருவர் இறங்கி எடுக்க வேண்டும். இறங்குகிறவர் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். சாவி இல்லாமல் மெஷின் ஓடாது. எனக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு கொடுத்த நாளில், அப்பா அந்தச் சாவியை மறந்துபோய்ப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாரே, நினைவிருக்கிறதா? அன்று ராத்திரி ஷிஃப்ட் முழுக்க மெஷின் நின்றது. "கம்பெனியையே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தவர்" என்று நீ எழுதியதைப் படித்து அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் மானேஜர் சாவியை மெஷினோடு வெல்டிங் வைத்துவிட்டார். இனி யாரும் எடுத்துப் போக முடியாதாம். அப்பா இதை நம்மிடம் சொல்லவே இல்லை.

விபத்து நடந்த அன்று அப்பா சாவி இல்லாமலே இறங்கியிருக்கிறார். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ஓட்டு. மானேஜர் மாடியிலிருந்து ஏன் நிற்கிறது என்று கத்த, அப்பா வெளியே வந்துவிட்டார் என்று நினைத்து நம் விசில்காரர் இரண்டு விசில் கொடுத்திருக்கிறார். நமக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே ஃபோர்மேன்தான்.

கட்டின் கம்பிகளை வெட்டித்தான் அப்பாவை வெளியே எடுத்தார்கள். அந்தக் கட்டு முழுக்கப் பழைய பாடப் புத்தகங்கள். இதை வக்கீலம்மாவுக்கு எழுதவில்லை. உனக்கு மட்டும்.

உன் தங்கை

*

ஜூன் 20

புத்தகப்புழுவுக்கு,

அம்மா நெற்றியில் தையல் என்று படித்த பிறகு கிரேனில் ஏறவே முடியவில்லை. மேலே உட்கார்ந்தால் கொக்கியில் தொங்கும் இரும்பை யார் தலையில் போடலாம் என்றுதான் யோசனை ஓடுகிறது. இறக்கிவிட்டார்கள்.

கோர்ட்டு கீர்ட்டு என்று அலையாதே. அவர்கள் பத்து வக்கீல் வைப்பார்கள். நமக்கு இருப்பது பென்சில் சீவுகிற ஒரு அம்மா. மானேஜருக்கு இரண்டு அடியாட்கள் இருக்கிறார்கள். அவனை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். விசில்காரருக்கு யார் இருக்கிறார்கள்? நம் வீட்டில் அப்பா தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டவர். அந்த வாய்தானே ஊதியது? அந்த வாயை உடைக்கிறேன்.

நீ கடித்தாயே, அதுதான் சரியான வழக்கு. என் தங்கச்சிதான் நீ. அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் அந்த இடத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். கை தட்டினார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

நேற்று யாரோ ஜன்னலில் கல் எறிந்தார்கள். அம்மாவின் தட்டில் கண்ணாடித் தூள். அவள் அதைக் கொட்டிவிட்டு வேறு தட்டு போட்டுச் சாப்பிட்டாள். "பயந்து பட்டினி கிடந்தா அவனுங்களுக்குத்தான்டி லாபம்" என்றாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விசில்காரரைத் தொடாதே. ஏன் என்று கேட்காதே. வக்கீலம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். உனக்கு வரும் கடிதங்களை ஆறு பேர் கேட்கிறார்கள். அந்த ஆறு பேரும் இன்னும் அறுபது பேரிடம் பேசுவார்கள். 26-ஆம் தேதி விசாரணை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இரு. பிறகு நானே எல்லாம் சொல்கிறேன்.

நீ என்னைவிடப் பெரியவன்தான். ஆனாலும் இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

உன் தங்கை

*

ஜூலை 14

குட்டி,

முடித்துவிட்டேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே எழுதுவது நல்லது.

விசில்காரர் உன்னையும் பேசி மயக்கிவிட்டார் என்று நினைத்தேன். எத்தனை தடவை படித்தாலும் உன் கடிதம் எனக்கு அப்படித்தான் இருந்தது. காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அவர் சாப்பாட்டுப் பையோடு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாப்பா, எப்ப வந்தே?" என்று கேட்டார். கிரேன் ஸ்பானரால் வாயிலேயே போட்டேன். பல் உடைந்து சட்டையில் விழுந்தது. இன்னொன்று போட்டேன். தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. அவர் கையைத் தூக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பிறகு நம் தெருமுனை வரை வந்தேன். அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டையெல்லாம் ரத்தம். திரும்பிவிட்டேன்.

இனி அவர் விசில் அடிக்கமாட்டார்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அண்ணா,

விசாரணை முடிந்தது. இனி சொல்லலாம்.

விசில்காரர்தான் நம் சாட்சி. ஜூன் மாதக் கடைசியிலேயே வக்கீலம்மாவிடம் தானாக வந்து, "நான்தான் ஊதினேன். அதையும் சொல்றேன், சாவியையும் சொல்றேன்" என்றிருக்கிறார். கம்பெனிக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்றுதான் மறைத்து வைத்தோம். கம்பெனியிடமிருந்து காப்பாற்றிவிட்டோம்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கூண்டுக்கு வந்தார். கம்பெனி வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான். "இந்தக் குடும்பத்து ஆளுங்க அடிச்சு மிரட்டித்தானே உங்களை இங்க நிறுத்தியிருக்காங்க?" வக்கீலம்மாவின் பென்சில் நின்றுவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சாட்சி செல்லாமல் போயிருக்கும். அப்பா குடிகாரராகவே செத்திருப்பார்.

விசில்காரர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு பல்லைத் திறக்காமல் சொன்னார்: "படியில விழுந்தேங்க."

சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் உண்மை. "அவர் அன்னிக்குக் குடிக்கவே இல்ல. விசில் ஊதினது நான்தான். உள்ள ஆள் இருக்கான்னு எட்டிப் பார்க்காம ஊதினேன். சாவி அவர் பாக்கெட்ல இருந்திருந்தா நான் நாள் பூரா ஊதினாலும் மெஷின் அசைஞ்சிருக்காது. அதை வெல்டிங் வைக்கச் சொன்னது மானேஜர்." ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சிலும் ரத்தமும் வழிந்தது. துடைத்துத் துடைத்துப் பேசினார். கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்துவிட்டது. அப்பா குடிக்கவில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறாள்.

அவர் சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக்கு வெளியே வந்ததும் அம்மா அவர் முன்னால் நின்றாள். அவர் தாடைக் கம்பியைப் பார்த்தாள். பிறகு, "எந்தப் படுபாவி உங்களை இப்படி அடிச்சான்? அவன் கை விளங்குமா?" என்றாள். விசில்காரர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை.

அவரால் மெல்ல முடியாது. அம்மா தினமும் சோற்றைக் கூழாக அரைத்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றி என்னிடம் தருகிறாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் ஸ்ட்ராவால் உறிஞ்சிக் குடிப்பார். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். நேற்று அவர் கேட்டது உன்னைப் பற்றி. "தம்பிக்குத் திரும்ப கிரேன் குடுத்துட்டாங்களா?"

இந்த ஃபிளாஸ்க்கை நான் இனிமேல் தூக்கமாட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தூக்க வேண்டியவன் நீ. அம்மா யாரைச் சபித்தாள் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியவனும் நீதான்.

பதில் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். கதவைத் தட்டினால் திறக்கிறேன்.

ஃபிளாஸ்க் சமையலறை ஜன்னலருகே இருக்கிறது. சீக்கிரம் வா. அவருக்குப் பசிக்கும்.

தங்கை