கண்ணாடிக்குப் பின்னால் காற்று

ஏப்ரல் 12
பக்கத்து ஊர் பீட்ரிஸ் வரை போய்த் திரும்பியதற்கே இந்தத் தலைவலி. பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்தால் காற்று என் ஹெல்மெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி மொத்துகிறது. முன்னால் காற்றைத் தடுக்க அவ்வளவு பெரிய கண்ணாடி இருந்து என்ன பயன்? வண்டி ஓட்டுகிற மைலோ பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. வீட்டில் இறங்கியதும் கேட்கிறான்: "வழியில என்னமோ கத்துனியே, என்னது?" எனக்கே மறந்துவிட்டது.

ஏப்ரல் 19
"பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல. இனிமே வீடு எதுக்கு லோர்னா? வித்துட்டு, வண்டிக்குப் பின்னால ஒரு சின்ன டிரெய்லர். எங்க இருட்டுதோ அங்க படுக்கை." மைலோவுக்கு இன்றும் இதே பேச்சு. தானியக் கிடங்கில் இத்தனை வருஷம் தூசியைத் தின்றுவிட்டு இந்தக் குளிர்காலத்தில்தான் ஓய்வு பெற்றான். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

எனக்கு என் சமையலறை வேண்டும். என் பியோனிப் பூச்செடிகள் வேண்டும். வியாழக்கிழமைப் பாட்டுக் குழு வேண்டும். சொல்ல ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது? கல்யாணம் ஆனதிலிருந்து அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகிவிட்டதாலா?

மே 4
வண்டிகளை ஆசீர்வதிக்கும் ஞாயிறு. கோயில் வாசலில் ஊர் பைக்குகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே எங்களிடம் வந்ததும் மைலோ ஊர் கேட்க அறிவித்துவிட்டான்: "நல்லாத் தெளிங்க ஃபாதர், நாங்க வீட்டை வித்துட்டுக் கிளம்பறோம்!" கைதட்டல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னேன்: "இந்தக் காத்து என் மண்டைய மொத்தறது நிக்கட்டும், அன்னைக்கே வரேன்."

"ஃபாதர்தான் சாட்சி!" என்று கத்தினான் வெர்னன். மைலோவோடு கிடங்கில் வேலை பார்த்தவன், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

தப்பித்தோம் என்றிருந்தது. நெப்ராஸ்கா காற்றை யாரால் நிறுத்த முடியும்?

மே 13
ஊரே யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. மைலோ உயரமான கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டினான். "இனி உன்மேல ஒரு ஈ மோதாது பாரு." முன்னைவிட மோசம். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, வெட்கக்கேடு.

மே 24
இன்னொரு கண்ணாடி. இன்னும் உயரம், இன்னும் அகலம். கதவைப் பெயர்த்து மாட்டியதுபோல் நிற்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டு திரும்ப முடியவில்லை. மைலோ கராஜ் தரையில் உட்கார்ந்து, "இவ்வளவு பெரிசு போட்டும் ஏன் லோர்னா அடிக்குது?" என்று கேட்கிறான். எனக்காகத்தான் இத்தனையும். அதுதான் மூச்சு முட்டுது. கொடுமைக்காரனா இருந்திருந்தா ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும்.

ஜூன் 1
நான் சுட்ட கொலாச்சி, நடுவில் பழக்கூழ் வைத்த ரொட்டி, தின்ன வந்த வெர்னன் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், நீ காத்தத் தடுக்கத் தடுக்க பின்னால வெத்திடம் ஆவுது. சுத்தியிருக்கற காத்தெல்லாம் அங்கதானே வந்து விழும்? வெட்டிச் சின்னதாக்கு. அடியில கொஞ்சம் சந்து விடு, உள்ளயும் காத்து வரட்டும்."

"ஏண்டா, கூரையப் பிரிச்சா மழை நின்னுடுமா?" என்றான் மைலோ.

வெர்னன் என் பக்கம் திரும்பினான். "ஓடறப்ப கையத் தலைக்கு மேல தூக்கிப் பாரு லோர்னா." மைலோவோடு ஒரு சுற்று போய்த் தூக்கிப் பார்த்தேன். ஒரு சாண் மேலே காற்று சீராக ஓடியது. சுழல் எல்லாம் சரியாக என் நெற்றிக்கு நேரே. வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? ஆச்சரியத்தில் சொல்லித் தொலைத்தேன்.

ஜூன் 8
தன் மூக்கு உயரத்துக்கு டேப் ஒட்டிக் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்துவிட்டான். கராஜ் முழுக்க வெள்ளைத் தூள். அடியில் விரல் நுழையும் அளவு சந்து. நெடுஞ்சாலைக்குப் போனோம்.

அமைதி. டயர் ஓடுகிற சத்தம் கேட்டது. என் மூச்சுகூடக் கேட்டது.

இறங்கியதும் ஆவலாக என் முகத்தைப் பார்த்தான். "அப்படியேதான் இருக்கு" என்றேன்.

ஜூன் 9
வெர்னனை ஓட்டச் சொல்லி, என் சீட்டில் மைலோவே ஏறி உட்கார்ந்துகொண்டான். இரண்டு தடியர்களும் ஒட்டி உட்கார்ந்து போனதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து சிரித்தாள். திரும்பி வந்தவன் சிரிக்கவில்லை. "சத்தமே இல்ல லோர்னா" என்றான்.

ஜூன் 10
ஐயோ, மாட்டிக்கிட்டேன்.

ஜூன் 15
வீடு விற்றுத் தருகிற பெண் நாளைக்கு வருகிறாள். மாலையில் மைலோ, "வா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றான். இரண்டு பக்கமும் சோளம் முழங்கால் உயரம். இவ்வளவு நிசப்தத்தில் நாங்கள் சேர்ந்து போனதேயில்லை. கத்தாமல், சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரலில், அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"மைலோ, எனக்கு வீட்டை விக்க வேணாம். ரோட்டுல வாழ வேணாம். நான் வரல."

வண்டியின் வேகம் குறைந்தது. பாலம் தாண்டியதும் கேட்டான்.

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்ப காத்து மொத்துதுன்னது?"

"அது நிஜம். மொத்திச்சு."

அவன் முதுகு குலுங்கியது. சிரித்தானா அழுதானா, பின்னாலிருந்து தெரியவில்லை.

ஜூலை 2
தனியாகக் கிளம்பிப் போனான். பனி விழுவதற்குள் வந்துவிடுவானாம். என் சீட்டில் பையைக் கட்டியிருந்தான். கோபமில்லை என்றான். இருக்கிறது, கொஞ்சம். எனக்கும்தான்.

ஜூலை 6
வயோமிங்கிலிருந்து கூப்பிட்டான். மலை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை. "முன்னால ஒரு தொல்லையும் இல்ல லோர்னா. இப்ப முதுகுல மொத்துது காத்து. யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி. இத்தனை வருஷமா அதையெல்லாம் நீதான் வாங்கிக்கிட்டிருந்திருக்க. எனக்குத் தெரியவேயில்ல."

வா என்று அவன் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

"பையை இன்னும் கொஞ்சம் உயரமா அடுக்கிக் கட்டு" என்றேன்.