கல்மனைக் கற்கள்

20 ஏப்ரல் 1995, வியாழன்

காலையிலிருந்து மப்பு. சுண்ணாம்பு காயாது என்று இவருக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் சம்பந்தி வீட்டார் கோயமுத்தூரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் கையால் காட்சிமுனை திறப்பு. அதற்குள் எங்கள் தேவரைமலைக்கு ஒரு வரலாறு வேண்டுமாம். பஞ்சாலை நடத்துகிறவருக்குக் கதை திரிக்கவா தெரியாது? போனிலேயே சொல்லிவிட்டார். விருந்தினர் மாளிகையைப் பார்த்துக்கொள்ள எங்களை வைத்திருக்கிறார், ஆகவே போர்டு எழுதுவதும் இவர் வேலை. பெயிண்டர் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருக்கிறார்.

போர்டுகள்:
கோட்டை. (ஆட்டுப்பட்டிச் சுவர்.)
சுல்தான் படை குதிரை கட்டிய கல். (போன வருஷம் நட்டது. நட்டவர் இவர்.)
அருவி. (ஆடி, ஆவணியில் மட்டும் தண்ணீர். போர்டில் அது இல்லை.)
பாண்டவர் வீடு.

கடைசியைப் பார்த்துப் பெயிண்டர் கேட்டார், "ஏனுங்க, அஞ்சு பேருக்கு நாலு ஊடுதான இருக்குது?"

"ரெண்டு பேரு ஒண்ணாத் தங்கியிருப்பாங்க. எழுதுங்க" என்றார் இவர்.

சிரித்துவிட்டேன். நான் சிரித்து நாளாகிவிட்டது. இவர் திரும்பிப் பார்த்தார்.

அது பாண்டவர் வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்மனை. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், குனிந்துதான் பார்க்க முடியும். கீழே பதியில் இருக்கும் மலைச்சனங்களில் யார் செத்தாலும் ஓடையிலிருந்து உருண்டைக் கல் ஒன்று எடுத்துவந்து உள்ளே வைப்பார்கள். அதற்குப் பிறகு செத்தவர் அங்கே இருக்கிறார் என்று கணக்கு. பாட்டன் பூட்டன் எல்லாரும் உள்ளே.

என் கோகிலாவும் உள்ளே. இவருக்கு அது தெரியாது.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. ஜீப்பில் சொல்லிவிட வேண்டும்.

21 ஏப்ரல், வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் பழசு. கோகிலாவுக்கு மூன்று வயது. காய்ச்சல். மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது, ஜீப் மேலே வரவில்லை. இவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நான் பின்னால். பாதி வழியிலேயே போய்விட்டாள். கீழே இவர் வீட்டுத் தோட்டத்தில் அடக்கம். காரியம் முடிந்த அன்று சொன்னார்: "இனி அந்தப் பேச்சு இந்த ஊட்டுல வேண்டாம்." போட்டோவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அவர் அழுது நான் பார்க்கவில்லை. அதற்காக அவரை வெறுத்திருக்கிறேன், பல நாள்.

மாளிகையில் பாத்திரம் கழுவ வரும் ரங்கிதான் சொன்னாள். "அம்மணி, இங்க ஓடித் திரிஞ்ச புள்ள. கீழ தனியாப் படுத்திருக்குது. கல்மனையில ஒரு கல்லு வெச்சரலாமுங்க. எங்காளுக பாத்துக்குவாங்க." பெற்ற அப்பன்தான் ஓடையில் இறங்கிக் கல் எடுக்க வேண்டுமாம். இவரிடம் எப்படிக் கேட்பது? மாமியார் காதுக்குப் போனால் 'நம்ம சாதியில இது என்ன பழக்கம்' என்று ஊரைக் கூட்டுவாள். ரங்கியின் புருஷன் மாரன் அப்பன் இடத்தில் நின்று எடுத்துக்கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். நடுவில் வெள்ளை வளையம், குழந்தைக்கு அரைஞாண் கட்டினது போல.

இன்று விறகு பொறுக்குகிற சாக்கில் போனேன். கல்மனை நாலும் காலி. துடைத்துப் பெருக்கி, வாசலில் கோலம்கூடப் போட்டிருக்கிறது.

கற்கள் எல்லாம் பாதையின் இரண்டு ஓரமும் வரிசையாக. ஒன்று வெள்ளை, ஒன்று காவி, ஒன்று வெள்ளை, ஒன்று காவி.

"உள்ள சும்மாக் கெடந்துச்சு. செலவில்லாம பாதை முடிஞ்சுது பாரு" என்றார் இவர். ரொம்ப சந்தோஷம். நான் அங்கேயே உட்கார்ந்தேன். வெயில் என்று நினைத்து மோர் குடிக்கச் சொன்னார்.

ரங்கி பாதை முனையில் நின்றாள். "எங்கம்மா எதுன்னு தெரியலீங்க" என்றாள்.

22 ஏப்ரல், சனி

தேங்காய் நார், ஒரு குடம் தண்ணீர். காலையிலிருந்து சின்னக் கற்களாகப் பார்த்துத் தேய்த்தேன். வெள்ளை போனால் சாம்பல் நிறம். காவி போகவே இல்லை. வளையம் எதிலும் இல்லை. பெரிய கற்களைத் தொடவில்லை, அவை என்னுடையவை இல்லையே.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கோகிலா கல் மட்டும் பத்திரமாக இருந்திருந்தால் இப்படித் துடித்திருப்பேனா? ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்திருப்பேன்.

இவர் பார்த்துவிட்டார். "ஏ சரசு, அடிச்ச வெள்ளையத் தேச்சுக் கழுவறயா? உனக்கென்ன கிறுக்கா?"

"திட்டுத்திட்டா இருந்துச்சுங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

சாயங்காலம் மாரன் வந்தான். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

"சாமி, கல்லுகளத் திருப்பிக் குடுத்துருங்க. நாங்களே பொறுக்கி வெச்சுக்கறமுங்க."

"விருந்தாளி வந்து போகட்டும் மாரா. கல்லுக்கா பஞ்சம் இந்த மலையில?"

மாரன் என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று நினைத்திருப்பான். புளி கரைத்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

23 ஏப்ரல், ஞாயிறு

நல்ல வெயில். இரண்டு கார். பள்ளிபாளையம் சிக்கன், தக்காளி ரசம், கேசரி. கேசரி கொஞ்சம் அடிப்பிடித்தது, யாரும் சொல்லவில்லை.

ரிப்பன் வெட்டினார்கள். போட்டோ பிடித்தார்கள். சம்பந்தியம்மாள் மூடுகல் மேல் உட்கார்ந்து, "பாஞ்சாலி சமைச்ச எடம் எதுங்க?" என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பாறையைக் காட்டினார்.

அவர்களோடு ஒரு சின்னப் பெண். மஞ்சள் கவுன், நாலு வயது இருக்கும். கோகிலா இருந்தால் அந்த உயரம். சமையலறைக்கு ஓடிவந்து, "ஆன்ட்டி, இது என்ன கல்லு?" என்று கையை விரித்தது.

கறுப்பு. வெள்ளை வளையம்.

பார்க்க அழகாக இருந்ததால் பெயிண்ட் அடிக்காமல் எடுத்து ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறார் இவர். விருந்தாளிகளுக்காக இன்று அறையைத் திறந்ததில் குழந்தை கையில் கிடைத்திருக்கிறது. பாதையெல்லாம் தேய்த்தேன், பூட்டின அறைக்குள் தேடத் தோன்றவில்லை.

தொட்டேன். குழந்தை கையின் சூடு கல்லில் ஏறியிருந்தது.

அதற்குள் பின்னாலேயே வந்தார் இவர். "புடிச்சிருக்குதா கண்ணு? எடுத்துக்க, எடுத்துக்க."

வாசலில் முதலாளி, சம்பந்தி, எல்லாரும். விருந்துக்கு வந்த குழந்தை கையிலிருந்து கல்லைப் பிடுங்கி நான் என்னவென்று சொல்வேன்? கார் கிளம்பியது. அது கையாட்டியது. நானும் ஆட்டினேன். இந்தக் கையை வெட்டிப்போட வேண்டும்.

தூசி அடங்கியதும் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கத்தினேனா அழுதேனா நினைவில்லை.

இவர் கேட்டார், "யாரு எடுத்தாந்து வெச்சது?"

"மாரனுங்க. அப்பன் எடத்துல நின்னு."

"நான் இருந்தேனல்ல, சரசு?"

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மழை பிடித்திருக்கிறது. இன்னும் வரவில்லை.

24 ஏப்ரல், திங்கள்

மழை விட்டும் விடாமலும். மதியம் வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு. முழங்காலில் தோல் போயிருக்கிறது.

அடிவாரக் கோயிலில் சம்பந்தி வீட்டாரைப் பிடித்துவிட்டாராம், முதலாளி கார் முன்னாலேயே போயிருந்ததாம். மேஜைக் கல், முதலாளி கேட்பார் என்று சொன்னாராம். "ஒரு கல்லுக்காகவா இத்தன தூரம் வந்தீங்க?" என்று சிரித்திருக்கிறார்கள். குழந்தையைக் கேட்டால், வரும் வழியில் குரங்கைப் பார்த்து எறிந்துவிட்டதாம். எந்த வளைவில் என்று அதற்குத் தெரியவில்லை. குழந்தை மேல் தப்பில்லை.

இருட்டியதும் வழிக்கடையில் படுத்துவிட்டு, விடிந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கித் தேடியிருக்கிறார். துண்டை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். கறுப்புக் கற்கள், ஈரத்தோடு.

"இதுல எதுன்னு பாரு."

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளையாக ஒரு கீறல், பாதி வரைக்கும். மற்றதில் அதுவும் இல்லை. எதுவும் அவள் இல்லை.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவளைத் தோளிலிருந்து இறக்கியபோது இருந்த முகம் இதுதான். நான்தான் அன்று சரியாகப் பார்க்கவில்லை.

கீறல் கல்லை எடுத்தேன். "இதுதானுங்க."

"நல்லாப் பாத்தியா?"

"இதுதான்."

அப்போதுதான் அழுதார்.

25 ஏப்ரல், செவ்வாய்

மூடுபனி. காலையிலேயே மூன்று பேரும் போனோம், இவர், நான், ரங்கி.

ரங்கி கல்லை வாங்கிப் பார்த்தாள். பாதியில் நிற்கும் கீறலைக் கட்டைவிரலால் தடவினாள். அவளுக்குத் தெரியாதா? அன்று கழுவி என் கையில் கொடுத்ததே அவள்தான்.

"யாரு எடுத்தாந்ததுங்க?"

"அவங்கப்பா" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வழி விட்டாள்.

இவர் மண்டி போட்டு உள்ளே வைத்தார். "கோகிலா" என்றார். அந்தப் பேர் அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம்.

காலியான கல்மனையில் அது ஒன்றுதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய இடத்தில்.

திரும்பும்போது நாங்கள் பாதையில் வந்தோம். ரங்கி கற்களுக்கு வெளியே, முள்ளில் நடந்து வந்தாள். மாளிகை வாசலில் கேட்டாள், "எங்கம்மாளுக்குங்க?"

இவர் என்னைப் பார்த்தார். போர்டு, பாதை, முதலாளி, சீசன், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. 'சொல்லுங்க, எடுத்துரலாம்னு சொல்லுங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"சீசன் முடியட்டும் ரங்கி" என்றேன். இவர் இல்லை, நான்.

நாளைக்கு ஈரோட்டிலிருந்து டூர் பஸ் இரண்டு. குடிதண்ணீர் டிரம் ரொப்ப வேண்டும். ரங்கி வருவாளா தெரியவில்லை.